பதினொன்றாம் எண்ணுக்குச் சொல்லியாயிற்று

ஜூன் 12, திங்கள்

காலையில் தோசைக்கல் சூடாகும்போதே கேஸ் தீர்ந்தது. மாற்று சிலிண்டர் காலி என்பதை என் கணவர் கதிரேசன் அப்போதுதான் சொல்கிறார். பிரெட்டைத் தின்றுவிட்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். இன்று குத்து நாள்.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிகளின் ரத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உடம்புக்காரர்களின் ரத்தம் (நார்மல் கண்ட்ரோல்) வேண்டுமென்றால் வெளியே தேட மாட்டோம். நாங்களே கையை நீட்டுவோம். டைரக்டரிலிருந்து கணக்குப் பிரிவு வரை யாரும் தப்ப முடியாது. குத்திக்கொண்டால் டீயும் முட்டை பப்ஸும் கிடைக்கும். என் முடக்குவாத ஆராய்ச்சிக்கு இன்று பன்னிரண்டு பேர் வந்தார்கள். நானே ரத்தம் எடுத்து, வந்த வரிசையைக் கலைத்து நானே எண் ஒட்டினேன். பெயர் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசிக்கு முந்தின ஆளாக அமலி அக்கா வந்து நாற்காலியை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முழுப்பெயர் அமலோற்பவம். சைட்டோமீட்டர் அறைக்குப் பொறுப்பாளர். ரத்த அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டு வகை பிரிக்கிற அந்த இயந்திரம் அவர் சொன்ன பேச்சு கேட்கும், எங்கள் பேச்சைக் கேட்காது. நான் இங்கே சேர்ந்த நாளிலிருந்து என்னை அதட்டி வளர்த்தவர்.

"மெதுவாக் குத்துடி வல்லி. வாயாலயே குத்துறவ நீ, ஊசி வேற எதுக்கு?"

"வாயை மூடுங்கக்கா, நரம்பு ஓடுது."

"என் நரம்பு எங்கயும் ஓடாது. இந்த லேப்லயே சுத்தமான ரத்தம் என்னோடதுதான்."

அவருக்குப் பின்னால் வந்த கணக்குப் பிரிவு ராமசுப்பு ஊசியைப் பார்த்ததுமே மயங்கிச் சரிந்தார். படுக்கவைத்துத்தான் ரத்தம் எடுத்தேன். அவர் பப்ஸையும் அக்காவே தின்றார்.

ஜூன் 14, புதன்

மாதிரிகளுக்கு ஸ்டெயின் என்கிற சாயம் ஏற்றி ஓட்டினோம். மதியத்துக்கு மேல் அக்கா கூப்பிட்டார்.

"வல்லி, இங்க வா. இந்தப் பதினொண்ணைப் பாரு."

பி அணுக்கள் என்கிற வெள்ளை அணுக்களின் மேல் இரண்டில் ஒரு முத்திரை இருக்கும், கப்பா அல்லது லாம்டா. நல்ல உடம்பில் இரண்டும் கலந்திருக்கும். திரையில் இரண்டு புள்ளிக்கூட்டங்களாகத் தெரியும். பதினொன்றில் ஒரு கூட்டம்தான் இருந்தது. எல்லாமே கப்பா. ஒற்றை அணு ஒன்று கட்டுப்பாடு இல்லாமல் தன்னையே நகலெடுத்துக்கொண்டு போனால் இப்படி வரும். ரத்தப் புற்றுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். ஒன்றுமே ஆகாமல் காலம் முழுக்கக் கிடக்கவும் கிடக்கலாம்.

"யாருடி இது?"

"பேரைச் சொல்லக் கூடாதுக்கா."

"பேரு எனக்கு எதுக்கு? அந்த ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிரு. பாவம், ஒண்ணும் தெரியாம பப்ஸைத் தின்னுட்டுப் போயிருக்கும்."

"ஸ்டெயின் சரியா ஏறியிருக்காதுக்கா."

"இருக்கட்டும். எதுக்கும் சொல்லிரு."

சொல்கிறேன் என்றேன். வரும் வழியில் மழை. மகள் யாழினிக்குப் பள்ளியில் சார்ட் பேப்பர் கேட்டிருந்தார்கள், நனைந்துபோயிற்று.

ஜூன் 15, வியாழன்

பதினொன்று: ஸ்டெயின் கோளாறு. அவ்வளவுதான்.

ஜூன் 23, வெள்ளி

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு பேரையும் சேர்த்தால் நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வித்தியாசம் குழம்பிப்போகிறது. பதினொன்றைத் தூக்கினால் பளிச்சென்று நிற்கிறது. நான்கு வருஷ உழைப்பு இது. ஒரே ஒரு டியூபுக்காக இதைக் குப்பையில் போட வேண்டுமா?

டைரக்டர் நீலமேகம் சார் கேட்டார். "கோளாறுன்னா தூக்கிருங்க. கோளாறுதானே?"

"ஆமா சார்."

கட்டுரை சாயங்காலமே போய்விட்டது. அனுப்பிவிட்டு ஜிகர்தண்டா குடித்தேன். தொண்டை கட்டிக்கொண்டது.

ஜூன் 27, செவ்வாய்

மதியச் சாப்பாட்டில் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டார்.

"அந்தப் பதினொண்ணுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்க்கா."

"என்ன சொல்லுச்சு?"

"டாக்டரைப் பாக்குறேன்னாங்க."

"பயந்துருச்சா?"

"கொஞ்சம்."

"நீ தைரியம் சொன்னியா? உன் பாட்டுக்கு வெடுக்குன்னு சொல்லிட்டு வந்திருப்பே."

"சொன்னேன்க்கா."

நெத்திலிக் குழம்பை என் தட்டில் கரண்டி கரண்டியாக ஊற்றினார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. குழம்பில் உப்பு அதிகம்.

ஜூலை 9, ஞாயிறு

வீட்டில் இருந்த பாத்திரம் முழுவதையும் பரணிலிருந்து இறக்கித் தேய்த்தேன். கதிரேசன் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். "குக்கர் மேல என்ன கோபம் உனக்கு?"

"அழுக்கு மேல கோபம்."

ஒன்றை எழுதி வைக்கிறேன். ரத்தம் கொடுக்கிறவர்கள் கையெழுத்துப் போடுகிற தாளில் தெளிவாகவே இருக்கிறது: இது ஆராய்ச்சிக்கு மட்டும், முடிவுகள் யாருக்கும் தெரிவிக்கப்படாது. விதியே அப்படித்தான். நான் எந்த விதியையும் மீறவில்லை. அப்புறம் ஏன் அக்காவின் அந்தக் கேள்விக்கு "சொல்ல விதி இல்லைக்கா" என்று சொல்லாமல் "சொல்லிட்டேன்" என்று சொன்னேன்? சரி, வாய் தவறி வந்துவிட்டது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ வருகிறது.

ஜூலை 18, செவ்வாய்

ஒரு வேலை செய்தேன். நல்ல வேலை இல்லை.

மெஷின் செட் பண்ண ஒரு டியூப் ரத்தம் வேண்டும் என்று அக்காவிடம் கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் கையை நீட்டினார். இன்று அவர் தம்பிக்கு டயாலிசிஸ் நாள், மதியம் விடுப்பு. அவர் படியிறங்கிப் போவதை ஜன்னலில் பார்த்துவிட்டு அவருடைய அறையில், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய இயந்திரத்தில் ஓட்டினேன். புதுக் குப்பி ஸ்டெயினை உடைத்து, அளவை இரண்டு தரம் சரிபார்த்துத்தான் போட்டேன்.

மறுபடியும் ஒரே கூட்டம்.

இனி கோளாறு என்று சொல்ல வழியில்லை. அந்தப் பெயரை இந்த நோட்டில் எழுதாமல் இருந்தாலே போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அமலி அக்கா. பதினொன்று அமலி அக்காதான். ஊசி குத்தின எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். எழுதிவிட்டேன், போதுமா?

ஜூலை 20, வியாழன்

நிறையப் படித்தேன். பாதிப் பேருக்கு மேல் இது அப்படியே தூங்கிக் கிடக்கும். சிகிச்சையும் கிடையாது, அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும். அப்படியானால் இப்போதே சொல்லி நிம்மதியைக் கெடுப்பானேன்? கட்டுரை முடிவு வரட்டும். வந்ததும் நிதானமாக உட்காரவைத்துச் சொல்லிவிடலாம். மாவு புளித்துப் பொங்கி ஃப்ரிட்ஜ் எல்லாம் வழிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 16, புதன்

அக்கா இன்று எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார். தம்பிக்குக் கிட்னி கொடுக்கப் போகிறாராம். ராசு என்று கூப்பிடுகிற ஆரோக்கியராஜ், வாடிப்பட்டியில் விளையாட்டு வாத்தியார். அம்மா இறந்தபோது அவனுக்கு நடக்கிற வயது. இடுப்பிலேயே வைத்துத் தூக்கி வளர்த்த பிள்ளை.

"எல்லா டெஸ்டும் பாஸ். லிம்போசைட்டு மட்டும் மேல் வரம்பை ஒட்டி நிக்குதாம், இருந்தாலும் நார்மல்தானாம். டாக்டர்கிட்ட சொன்னேன், எங்க லேப்புக்கே நார்மல் கண்ட்ரோல் நான்தான் சார்னு."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆஸ்பத்திரியில் அந்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள். முத்திரையை யாரும் பார்க்க மாட்டார்கள். அதைப் பார்த்தது எங்கள் இயந்திரம் மட்டும். சிறுநீரகத்தோடு அதிலிருக்கும் ரத்த அணுக்களும் சேர்ந்தேதான் போகும். உறுப்பு ஒட்ட வேண்டும் என்பதற்காக ராசுவின் எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்துக் காலம் முழுக்க அடக்கி வைப்பார்கள். அக்காவின் உடம்பு இதுவரை கட்டிப்போட்டு வைத்திருப்பதை அந்த உடம்பில் அவிழ்த்துவிட்ட மாதிரி ஆகும். ஒரு கிட்னியோடு மிஞ்சும் அக்காவுக்கும் நாளைக்குச் சிகிச்சை என்று வந்தால் தாங்காது.

ஆத்தாடி, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்?

ஆகஸ்ட் 17, வியாழன்

கூடப் படித்த மும்தாஜ் இப்போது சென்னையில் ரத்தநோய் மருத்துவர். போன் போட்டுப் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"அந்த ஆளுகிட்ட எடுக்கவே கூடாது வல்லி. முதல்ல அவங்களுக்கு முழுசா டெஸ்ட் பண்ணணும். யாரு அது?"

"யாரும் இல்ல. சும்மா, ஒரு கிளாஸுக்காக."

"கிளாஸுக்கா? உன் குரல் ஏன் இப்பிடி நடுங்குது?"

சளி என்றேன்.

செப்டம்பர் 1, வெள்ளி

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். நீலமேகம் சார் அறைக்கே வந்து கை கொடுத்தார். அக்கா எங்கிருந்தோ லட்டு வாங்கிவந்து "வாயைத் திறடி" என்று திணித்தார். "எனக்கு அப்பவே தெரியும், நீ பெரிய ஆளா வருவேன்னு." கழிப்பறைக்குப் போய்த் துப்பினேன்.

கட்டுரை வந்ததும் சொல்லலாம் என்று எழுதியிருக்கிறேன் மேலே. வந்துவிட்டது.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அக்காவின் உடம்பில் இருப்பது உண்மை என்றால் ஸ்டெயின் கோளாறு என்று காரணம் காட்டிப் பதினொன்றைத் தூக்கினது பொய். கட்டுரை போகும். அது மட்டுமா, ராசுவுக்கு வேறு ஆள் கிடையாது. அவன் மனைவிக்குச் சர்க்கரை. நான் வாயைத் திறந்தால் அவன் கிட்னியை நான் பிடுங்கினதாக ஆகும். திறக்காவிட்டால்? இப்படியே மாற்றி மாற்றி யோசித்துக் குழம்பைத் தீய்த்துவிட்டேன். பொல்லாத யோசனை. இத்தனை நாளும் ராசுவைப் பற்றியா கவலைப்பட்டேன்? கட்டுரையைப் பற்றித்தான்.

செப்டம்பர் 11, திங்கள்

அக்கா வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். எனக்கும் ஒரு சின்னக் குப்பியில் மந்திரித்த எண்ணெய். "உனக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன். முகமே சரியில்ல உனக்கு. ஒழுங்காத் தின்னு." ஆபரேஷன் இருபத்தொன்றாம் தேதி.

செப்டம்பர் 14, வியாழன்

சொல்லத்தான் போனேன். ஒரு பெட்டி பிப்பெட் டிப் கடன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

செப்டம்பர் 16, சனி

அரசரடியில் அக்கா வீடு. கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பை. ராசு நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். புகைப்படத்தில் பார்த்த விளையாட்டு வாத்தியார் இல்லை இவன், கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. எனக்கு டம்ளர் நிறைய டீ வந்தது. அவனுக்கு மருந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தார் அக்கா. அளவு மீறித் தண்ணீர் குடிக்கக் கூடாதாம்.

"ஆபரேஷன் முடிஞ்சதும் ஒரு சொம்புத் தண்ணிய அண்ணாந்து ஒரே மூச்சுல குடிக்கணும் மேடம். வேற ஒரு ஆசையும் இல்ல," என்று சிரித்தான்.

அப்படியே எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. அக்காவை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன், ஒன்றும் வரவில்லை.

"அக்கா, பதினொண்ணு நீங்கதான்."

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "எந்தப் பதினொண்ணு?"

"ஜூன்ல பாத்தோமே. ஒரே கூட்டமா இருந்துச்சே."

கத்தியைக் கீழே வைத்தார். அந்தப் படத்தை அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"அதுகிட்டச் சொல்லிட்டேன்னியேடி."

"சொல்லலக்கா."

"டாக்டரைப் பாக்குறேன்னு சொல்லுச்சுன்ன."

"பொய்க்கா. ஸ்டெயின் கோளாறுன்னு சொல்லித் தூக்கிட்டேன். கட்டுரைக்காக. ஜூலைல திரும்ப உங்ககிட்ட டியூப் வாங்கினது மெஷினுக்கு இல்ல. அதுலயும் அப்பிடித்தான் இருந்துச்சு. கிட்னி குடுக்கக் கூடாதுக்கா. ராசுவுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து."

கூடத்தில் ராசு டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினான், ஏதோ கபடி ஆட்டம்.

"நான் அதுக்காக ஜெபம் பண்ணேன்," என்றார் அக்கா. "அன்னைலருந்து, தினமும். பேரு தெரியாதுல்ல, பதினொண்ணுன்னுதான் சொல்வேன். ராசுவைக் காப்பாத்து, அப்பிடியே அந்தப் பதினொண்ணையும் காப்பாத்துன்னு. வேளாங்கண்ணில அதுக்கும் ஒரு மெழுகுதிரி ஏத்துனேன். யாரு பெத்த பிள்ளையோன்னு."

நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். கையைச் சேலையில் துடைத்துக்கொள்வதுபோல இழுத்துக்கொண்டார்.

"ராசுகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க கிளம்புங்க."

நீங்க என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் என்னை அப்படிச் சொன்னதில்லை. நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளே டி.வி. நின்றது.

செப்டம்பர் 21, வியாழன்

ஆபரேஷன் நடக்கவில்லை. ராசு பதிவுப் பட்டியலில் காத்திருக்கிறான். யாராவது மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம் வந்தால் உண்டு. இன்றைக்கும் டயாலிசிஸ்தான்.

அக்கா படங்களின் நகல் வேண்டும் என்று செய்தி அனுப்பியிருந்தார். "வணக்கம் மேடம்" என்று ஆரம்பித்திருந்தது.

செப்டம்பர் 25, திங்கள்

நீலமேகம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கத்தினார். "கோளாறுதானேன்னு அன்னைக்கே கேட்டேனே, ஆமான்னீங்களே!" பிறகு கதவைச் சாத்திவிட்டு, சத்தம் இல்லாமல் வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று அவர் முன்னாலேயே எழுதி அனுப்பினேன். முடிவைப் பார்த்த பிறகு ஆளைக் கழிக்கக் கூடாது என்பதால் பதினொன்றைச் சேர்த்துத் திரும்பக் கணக்குப் போட்டேன். நான்கு வருஷத்தில் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை.

பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. என் கட்டுரைக்குத் தண்டனை கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு அதனால் ஒரு வாய்த் தண்ணீர் கூடுமா?

அக்டோபர் 19, வியாழன்

அக்காவுக்கு முழுப் பரிசோதனை முடிந்ததாம். இப்போதைக்குப் புற்றுநோய் என்று சொல்ல முடியாது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்றார்களாம். ராமசுப்பு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா இப்போதெல்லாம் தன் அறையிலேயே சாப்பிடுகிறார். என் தட்டில் உப்பு உறைப்பு எதுவும் தெரிவதில்லை.

டிசம்பர் 6, புதன்

மறுபடியும் குத்து நாள் வந்தது. ஆராய்ச்சியை முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். அக்கா நாற்காலிப் பக்கம் வரவில்லை. வரவும் முடியாது, அவர் ரத்தம் இனி நார்மல் கண்ட்ரோல் இல்லை. அந்த இடத்துக்கு நானே என் கையில் எடுக்கச் சொன்னேன். ஒன்றாம் எண் என்று ஒட்டினேன்.

மாதிரிகளை அக்காவே ஓட்டினார். கூப்பிட்டால் தவிர உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை, வாசலிலேயே நின்றேன். ஒன்று ஓடி முடிந்ததும் அவர் திரும்பினார்.

"மேடம், ஒண்ணாம் நம்பர் நல்லா இருக்கு. ரெண்டு கூட்டமும் அளவாத் தெரியுது. அவங்களுக்குச் சொல்லிருங்க."

"சரிக்கா. சொல்லிடறேன்."

"இப்பவே சொல்லுங்க. போன் போடுங்க, நான் இங்கயேதான் இருக்கேன்."

"அக்கா..."

"நல்ல சேதிதான் மேடம். இருந்தாலும் சொல்றதை நான் பாக்கணும். அதுக்கப்புறம்தான் அடுத்த டியூப் வைப்பேன்."

கையில் இரண்டாம் டியூபைப் பிடித்தபடியே காத்திருந்தார். கோபம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. திட்டியிருக்கலாம், ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அது நான்தான்க்கா."

அக்கா திரையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அப்பிடியா," என்றார். "நல்லா இருக்கீங்க மேடம். ஒண்ணும் பயப்பட வேண்டியதில்ல."

பிறகு திரும்பிக்கொண்டு இரண்டாம் டியூபை வைத்தார்.